இன்சுலின் செடியில் இன்சுலின் இருக்கிறதா?

நாஞ்சில் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சரி, வீட்டு முற்றத்தில் துளசி, கற்பூரவல்லி, சோற்றுக் கற்றாழை வரிசையில் இப்போது இன்னொரு செடியும் நிற்கிறது. தண்டைச் சுற்றிச் சுழல் படிக்கட்டு மாதிரி இலைகள் ஏறியிருக்கும். உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் பூ. பெயர் என்ன என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும்: ‘இன்சுலின் செடி!’

“வைத்தியரே, தினம் காலையில ஒரு இலை சவச்சிட்டு வாறேன். இனி ஊசியை நிறுத்திரலாமா?” – இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வங்கி அதிகாரி கேட்கிறார், பள்ளி ஆசிரியை கேட்கிறார். சித்த வைத்தியர் என்றால் ‘நிறுத்துங்கள்’ என்றுதான் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை வேறு!

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. நம் கணையத்தில் சுரக்கிற இன்சுலின் அந்த இலையில் கிடையாது. பிரேசில் பக்கத்திலிருந்து வந்த செடி அது. இஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம். இலைச்சாறு கொடுத்த எலிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. அதை வைத்து ஜனங்கள் சூட்டிய செல்லப் பெயர்தான் இன்சுலின் செடி. அப்படியே இலைக்குள் இன்சுலின் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால், பருப்பும் மீனும் செரிப்பது போல அதுவும் வயிற்றில் செரித்துப்போகும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள்.

அப்படியானால் ஊசியில் இருக்கும் இன்சுலின் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரிந்துகொண்டால், உங்கள் பிள்ளைகள் ‘உயிரித் தொழில்நுட்பம்’ என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறார்களே, அதில் பாதி விளங்கிவிடும். உயிருள்ள ஒன்றிடம் நமக்கு வேண்டிய வேலையை வாங்குவதுதான் விஷயம். புளித்த இட்லி மாவும் அதுதான், நாங்கள் பானையில் ஊறவைக்கும் அரிட்டமும் அதுதான். ஆனால் இன்றைய தொழில்நுட்பத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இங்கே நகல் எடுப்பது எதை? ஒரு பொருளையா, ஒரு செடியையா?’ மருந்து விஷயத்தில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

பன்றியிலிருந்து பாக்டீரியாவுக்கு...

1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுத்து, சர்க்கரை நோய் கண்ட நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்து போடப்பட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்த பையன் எழுந்து நடமாடினான். அதுவரை அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் இழுத்துப் பிடிப்பதைத் தவிர மருத்துவத்துக்கு வேறு வழி தெரியாது.

அப்புறம் 60 வருஷம், உலகம் முழுவதும் மாடும் பன்றியும்தான் இன்சுலின் கொடுத்தன. இறைச்சிக் கூடங்களிலிருந்து கணையங்களைச் சேகரித்து, பக்குவம் செய்து பிரித்தெடுப்பார்கள். 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் குறைவான இன்சுலின் எடுக்க, இரண்டு டன்னுக்கு மேல் பன்றியின் உறுப்புகள் வேண்டியிருந்ததாம். மனித இன்சுலின் 51 அமினோ அமில மணிகள் கோத்த மாலை. பன்றியின் மாலையில் ஒரு மணி வேறு, மாட்டின் மாலையில் மூன்று மணி வேறு. இந்தச் சின்ன வேறுபாட்டாலும், சரியாகச் சுத்தம் ஆகாததாலும் சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் தடிப்பும் ஒவ்வாமையும் வந்தன.

1978-ல் அமெரிக்காவில் இதற்கு வழி கண்டார்கள். மனித இன்சுலினைச் செய்யும் குறிப்பு நம் மரபணுவில் எழுதியிருக்கிறது. சமையல் புத்தகத்தில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் குறிப்பைச் செயற்கையாக எழுதி, வளையம் போன்ற ஒரு சின்ன மரபு இழையில் நொதிகளைக் கொண்டு வெட்டி ஒட்டினார்கள். அதை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிற பாக்டீரியாதான். அதற்கு எது தன் குறிப்பு, எது விருந்தாளிக் குறிப்பு என்று தெரியாது. எழுதியிருப்பதைச் செய்துகொண்டே இருக்கும். நல்ல சூழ்நிலையில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். பெரிய தொட்டியில் ஊட்டம் கொடுத்து வளர்த்து, உடைத்து, இன்சுலினைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். 1982-ல் அமெரிக்க அரசு இதை விற்க அனுமதி கொடுத்தது. ஈஸ்ட் என்ற பூஞ்சையையும் இதே வேலைக்குப் பழக்கினார்கள். நம் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004-ல் ஈஸ்ட் மூலம் செய்த மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஈஸ்ட் செய்து கொடுப்பதுதான்.

“அது பன்னியில இருந்து எடுக்கதாமே?” என்று திட்டுவிளை, தக்கலைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும், சுத்த சைவக்காரர்களும் கேட்பதுண்டு. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் செய்ததுதான். சந்தேகம் இருந்தால் அட்டைப் பெட்டியில் என்ன வகை என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கவனியுங்கள்: இங்கே நகல் எடுத்தது ஒரே ஒரு பொருள். 51 மணி மாலை. யார் செய்தாலும் மாலை அதுதான். அதனால் அளந்து, ‘இத்தனை யூனிட்’ என்று எழுத முடிகிறது. இந்த அளவு இருக்கிறதே, அதில்தான் உயிரே இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலினில் பல, மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது பொதுவாக மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு அளவு கூடியோ குறைந்தோ உள்ளே போகும். வாங்கும்போது குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் இருக்கட்டும். உறைந்தால் அது பயன்படாது, எறிந்துவிடுங்கள்.

இலையை அப்படி அளக்க முடியாது. இளம் இலைக்கும் முற்றலுக்கும், மழைக்கும் வெயிலுக்கும் வேறு வேறு. சின்ன வயதிலேயே இன்சுலினை நம்பி வாழ வேண்டிய முதல் வகைச் சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கு ஆபத்தில் முடியும். இலைச் சாற்றை நம்பிப் பரீட்சை பார்க்கிற இடம் இது இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடவே இந்த இலையையும் தின்றால், சர்க்கரை எதிர்பாராமல் இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வரலாம். இலை தின்பதானால் உங்கள் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். (எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களிடம் வரும்போது அலோபதி மாத்திரைச் சீட்டை மறைப்பதும் இதே தப்புதான்!)

செடியையே நகல் எடுத்தால்?

இனி செடிப் பக்கம் வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைக்குப் பால் தவிர முதலில் பிசைந்து ஊட்டும் பழம் எது என்று கேட்டால், பாட்டிமார் ‘மட்டிப்பழம்’ என்பார்கள். மெல்லிய விரல் மாதிரி, தேன் வாசனையோடு. 2023-ல் ‘கன்னியாகுமரி மட்டி’ என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வடசேரிச் சந்தையில் அதோடு செந்துளுவன், ஏத்தன், பேயன், ரசகதலி எல்லாம் குலை குலையாக நிற்கும்.

இந்த வாழைகளுக்கு விதை கிடையாது. மூட்டிலிருந்து கன்றைப் பெயர்த்து நடுகிறோம். அதாவது நம் தாத்தா காலத்திலிருந்தே செடியை நகல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்! கன்றோடு நோயும் சேர்ந்து வரும் என்பதுதான் சங்கடம். முடிக்கொத்து நோய் தெரியுமல்லவா? இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி, குலையே தள்ளாமல் நிற்கும். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சி மலைவாழை, கீழ்ப்பழநி மலையில் இந்த நோயால்தான் பேரழிவைக் கண்டது. கன்று எடுத்து நட நட, நோயையும் சேர்த்தே நட்டார்கள்.

திசு வளர்ப்பு வந்து கைகொடுத்தது இங்கேதான். கிழங்கின் நடுவில் இருக்கும் குருத்து நுனியைக் கத்தியால் சின்னதாக வெட்டி எடுப்பார்கள். கிருமி நீக்கி, கண்ணாடிக் குடுவையில் உப்புகள், சர்க்கரை, வைட்டமின், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த கூழில் வைப்பார்கள். கூழை இறுக்குவது அகர் அகர், கடல்பாசிதான். ஒரு குருத்து பல குருத்தாகப் பெருகும். பிரித்துப் பிரித்து வைத்து, வேர் விடவைத்து, நிழல்கூடத்தில் பழக்கி, வயலுக்கு வரும். தாய்ச் செடிக்கு வைரஸ் இல்லை என்று முதலிலேயே பரிசோதித்து உறுதி செய்வது முக்கியம். கோவை வேளாண் பல்கலைக்கழகமும், 1993-ல் தொடங்கிய திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் விருப்பாச்சியை இப்படித்தான் வைரஸ் இல்லாத கன்றுகளாக மலைக்குத் திருப்பிக் கொடுக்கப் பாடுபட்டன.

நம் ஊருக்குச் சொந்தமான ஒரு சங்கதியும் இதில் உண்டு. குடுவைக்குள் செடித் திசு சரியாக வளராமல் விஞ்ஞானிகள் திணறிக்கொண்டிருந்தபோது, 1941-ல் வான் ஓவர்பீக் என்பவர் தேங்காய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். வளர்ந்தது! அவர் வளர்த்தது எந்தச் செடியின் கருவை என்கிறீர்கள்? நம் ஊமத்தையின் இனத்தைத்தான். தேங்காய்த் தண்ணீரில் செல்களைப் பிரியத் தூண்டும் ஊக்கிகள் இருக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது.

‘டிஷ்யூ கல்ச்சர் வாழைப்பழம் தின்றால் குழந்தை பிறக்காது, கேன்சர் வரும்’ என்றெல்லாம் சிலர் பயமுறுத்துகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இதில் வேறு உயிரின் மரபணு எதையும் சேர்ப்பதில்லை. கன்று வெட்டி நடுவதன் நுணுக்கமான வடிவம்தான் இது. மரபணு மாற்றிய பயிர் என்பது வேறு கதை. பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காயை 2010-ல் அரசே நிறுத்தி வைத்தது. திசு வளர்ப்பு வாழையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விவசாயி கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. திசு வளர்ப்புக் கன்று நோய் இல்லாதது. நோய் எதிர்ப்பு உள்ளது அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் அசுவினி இருந்தால் அதுவும் நோய் வாங்கும். எல்லாம் ஒரே அச்சு என்பதால் வாங்கினால் மொத்தமாக வாங்கும்.

பழம் என்றால் இந்த நகல் போதும். ருசியும் சத்தும் ஏறக்குறைய அப்படியே வரும். மருந்துச் செடிக்கு? அங்கேதான் ஒரு பெரிய பாடம் நம் அகத்தியர் மலையிலேயே நடந்திருக்கிறது.

காணிக்காரர் காட்டிய செடி

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மூலிகை பார்க்க மலையேறுவோம். குணபாடத்தில் நாங்கள் படித்த பட்டியலில் ‘ஆரோக்கியப்பச்சை’ என்ற செடி கிடையாது. ஓடைக்கரை நிழலில் தரையோடு நிற்கும் சின்னச் செடி. இதய வடிவிலும் வேல் வடிவிலும் இலைகள். குமரி, நெல்லை, திருவனந்தபுரம் மலைகளில் வாழும் காணி மக்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு கேரளப் பக்கத்திலிருந்து அகத்தியர் மலையில் ஏறியது. படித்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டியாக வந்த காணிக்காரர்களோ ஏதோ ஒரு சிறு பழத்தை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெம்பு வந்தது. ‘என்ன பழம்?’ என்று கேட்டால், சொல்ல மாட்டோம் என்றார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத குலரகசியம். வற்புறுத்தி, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மல்லன் காணியும் குட்டிமாத்தன் காணியும் செடியைக் காட்டினார்கள்.

பிறகு ஆய்வு நடந்தது. இலைச்சாறு கொடுத்த எலிகள் அதிக நேரம் களைக்காமல் இருந்தன. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், இந்த இலையோடு நமக்குத் தெரிந்த அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தியைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் பங்கு. அதில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். 1997-ல் அதற்காகக் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவானது. 1999-ல் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்குப் போனது. மூலிகை அறிவைக் கொடுத்தவர்களுக்குப் பங்கு கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று உலகமே பேசியது.

பேச்சு பெரிதாக இருந்தது. இலை? அதுதான் கிடைக்கவில்லை. காட்டில் பறித்தால் செடி அழியும். காணிக் குடும்பங்கள் வளர்த்துக் கொடுக்கலாம் என்று தொடங்கினார்கள். வனத்துறை தடுத்தது. சரி, குடுவையில் பெருக்கலாமே! குருத்து நுனியிலிருந்து ஆரோக்கியப்பச்சையைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறையை அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1990-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2019-ல் அதன் மரபுத் தொகுதியே வாசித்து வெளியிடப்பட்டிருக்கிறது. செடியைப் பெருக்குவது இன்று ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனால் காட்டு நிழலை விட்டு வெளியே கொண்டுபோய் வளர்த்த செடியின் இலையில் பழைய வீரியம் இல்லை என்று கண்டார்கள்! ஏன் என்கிறீர்களா? மருந்துக்கு உதவும் பொருட்களைச் செடி நமக்காகச் செய்வதில்லை. பூச்சி கடிக்கிறது, பூஞ்சை தொற்றுகிறது, வெளிச்சம் போதவில்லை, வேரைச் சுற்றி வேறு நுண்ணுயிர்கள். இவற்றைச் சமாளிக்கத்தான் கசப்பும் காரமும் துவர்ப்பும் செய்து வைக்கிறது. பிரச்சினையே இல்லாத இடத்தில் அந்தச் சரக்கைச் செய்ய அதற்கு என்ன தலையெழுத்து? மரபணுவில் குறிப்பு இருக்கும். அடுப்புப் பற்றவைக்க ஆள் இருக்காது. எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எந்தப் பொழுதில் மூலிகை பறிக்க வேண்டும் என்று எங்கள் ஆசான்மார் கறாராக இருந்ததை, படிக்கிற வயதில் சடங்கு என்று சிரித்தவர்கள் உண்டு. நான் இதை வேதியியல் என்றே சொல்வேன்.

ஆகவே ‘ஆரோக்கியப்பச்சைப் பொடி, அகத்தியர் மலை ஒரிஜினல்’ என்று யாராவது டப்பாவில் கொண்டுவந்தால், எந்த இடத்தில் விளைந்தது, யார் பரிசோதித்தது, உரிம எண் என்ன என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். எலியில் பார்த்த பலன் எல்லாம் மனிதர்களிடம் அப்படியே நிரூபணம் ஆகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். களைப்பாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை. அந்த மூன்றையும் விட்டுவிட்டு ‘தெம்பு மருந்து’ கொடுப்பது வைத்தியம் இல்லை.

காணிகளின் பங்கு என்ன ஆயிற்று? இலை வரத்து இல்லாமல் மருந்து உற்பத்தியும் சுணங்கியது. இடையில் ஓர் அமெரிக்க நிறுவனம் ‘ஜீவனி’ என்ற பெயரையே அங்கே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்ட கூத்தும் நடந்தது.

2002-ல் நம் நாட்டில் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செடியையும் அறிவையும் வைத்து லாபம் பார்ப்பவர்கள், அவற்றைக் காத்தவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய அம்சம். 2023-ல் அதைத் திருத்தினார்கள். நூல்களில் எழுதி வைத்த பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினால் பங்கு தர வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் சலுகை. என் போன்றவர்களுக்கு இது சௌகரியம்தான். இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஏட்டுச் சுவடிகளில் ஏறிய மூலிகைகளில் எத்தனையை முதலில் ஒரு மலைவாசி கையால் காட்டினாரோ, யார் கண்டது? சுவடி எழுதியவர் பெயர் இருக்கிறது. காட்டியவர் பெயர் இல்லை.

காணிகளின் அறிவு எந்த நூலிலும் ஏறாமல் வாய்வழியாக வந்தது. அதனால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. பங்கு கேட்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இத்தகைய அறிவை எழுதி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1997-ல் அமைந்த அறக்கட்டளை, பெயரிலேயே சொல்வது போல, கேரளக் காணிகளுக்கானது. பேச்சிப்பாறைக்கு மேலே நம் மாவட்டத்து மலைகளில் வாழும் காணிகளும் அதே செடியை, அதே பெயரில் அறிந்தவர்கள்தான்.